பச்சைக்கு வலது கை, சிவப்புக்கு இடது கை

இமைக்கக் கூடாது. இமைத்தால் கோடு துள்ளிவிடுமாம், அந்த வாக்கியமே வீணாம். எப்சிபா இதைச் சொல்லும்போது ஏதோ என்னிடம் கடன் வாங்கியவள் மாதிரி நெளிந்தாள். ஆராய்ச்சி மாணவி, நாகர்கோவில் பெண், எதற்கும் ஒரு மேடம். "மேடம், ஒவ்வொரு வாக்கியம் முடிஞ்சதும் ஒரு கூட்டல் குறி வரும்லா, அப்போ நல்லா இமைச்சுக்கிடுங்க. சொல்லு வரும்போது மட்டும் வேண்டாம்." சரி, வேண்டாம். தலையில் மூளை அலையைப் பதிக்கிற இறுக்கமான துணித் தொப்பி, அதில் வரிசையாக ஓட்டைகள், ஓட்டைக்கு ஓட்டை குளிர்ந்த பசை. பசை காதுக்குப் பின்னால் வழிந்து கழுத்தில் இறங்குகிறது, துடைக்கவும் கூடாது. அறையில் விளக்கில்லை, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்கிறது. திரையில் சொல் சொல்லாக வருகிறது. லாஸ். புவெர்த்தாஸ். ரோஹாஸ். எஸ்தான். செர்ராதாஸ். சிவப்புக் கதவுகள் மூடியிருக்கின்றன. சரி. வலது கை, பச்சைப் பொத்தான். கூட்டல் குறி. இமைத்துக்கொள். லாஸ். புவெர்த்தாஸ். ரோஹோ. சீ, ஸ்பானிஷில் கதவு பெண்ணடி, ஆணுக்கு வைக்கிற ரோஹோ என்ன ரோஹோ. தப்பு, இடது கை, சிவப்பு. பார்த்தாயா, சொல் வந்து விழுவதற்குள் உடம்பு முகம் சுளித்துவிட்டது. இருக்கிறது, இன்னும் இருக்கிறது. நோய் வந்த மூளை இப்படிச் சுளிக்குமா? சுளிக்காது. அம்மாவுக்குச் சுளிக்கவில்லை. பீரோவைப் பார்த்து "இவரு எங்கீங்க போயிருந்தாரு" என்று கேட்டாள், அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போது "அவ வந்துட்டாளா" என்றாள், இரண்டையும் ஒரே நிதானத்தோடு சொன்னாள். எங்கள் உடுமலைப் பக்கம் பெண்பிள்ளையை அது, வந்துச்சு என்று சொல்வதுண்டு, ஆனால் அப்பாவை யாரும் அவள் என்று சொன்னதில்லை. யார் ஆண், யார் பெண், எது மரச்சாமான் என்ற கணக்கே அவளுக்குள் கலைந்து போயிருந்தது. அப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று. எனக்கு இப்போது ஐம்பத்துமூன்று.

என் மகள் தாரணிக்குத் தையில் கல்யாணம். அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும், எனக்கு அம்மாவின் நோய் இல்லை என்று. இருந்தால் வேறு யாருக்கும் தெரியக் கூடாது. இவ்வளவுதான் விஷயம், இதற்குத்தான் இந்தத் தொப்பி. டாக்டரிடம் போயிருக்கலாம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். டாக்டரிடம் போனால் பெயர் கேட்பார்கள், சாரதாமணி என்று ஒரு ஃபைல் திறப்பார்கள், ஸ்கேனுக்கு ஒரு வரிசையில் உட்கார வைப்பார்கள், அந்த வரிசையில் யாராவது ஒரு மாமன் மச்சான் உட்கார்ந்திருப்பான். எங்கள் ஆட்கள் பெண் எடுக்கும்போது நகையைவிட நோயைத்தான் துருவி விசாரிப்பார்கள். வெண்குஷ்டம் உண்டா, காக்காய் வலிப்பு உண்டா, புத்தி பேதலிப்பு உண்டா. விசாரிக்கிறவர்களுக்கு விசாரிக்கத் தெரியும், மறைக்கிறவர்களுக்கு மறைக்கவும் தெரியும், இரண்டும் ஒரே ஜனம்தானே. என் கல்யாணத்தன்றைக்கு அம்மாவை மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறையில் வைத்து, மஞ்சள் காமாலை, ஒட்டிக்கொள்ளும் என்று ஊரெல்லாம் சொல்லி, பெரியம்மா கதவண்டை நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். தாலி ஏறிய பிறகு சொன்னால் போதும் என்பது பெரியப்பாவின் தீர்ப்பு. அப்படியே நடந்தது. என் வீட்டுக்காரரும் கோபித்துக்கொள்ளவில்லை, "முன்னாடியே சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பனே" என்றார். அவர் அப்படிப்பட்டவர். எல்லா மாப்பிள்ளையும் அப்படியா இருப்பான்? திருப்பூர்ப் பையன் பிரணவ் நல்லவன்தான், அவன் அம்மா பேசினால் தேன். தேனில்தான் ஈ விழுகிறது. எஸ்தா செர்ராதா. கதவுகள் மூடியிருக்கிறதாம். சிவப்பு. கை தானாகப் போகிறது, யோசனை ஒரு பக்கம் ஓடினாலும் கை சரியான பக்கம் போகிறது, இதைவிட ஒரு மூளைக்கு என்ன அத்தாட்சி வேண்டும். இங்கே பெயர் கிடையாது, நான் பங்கேற்பாளர் பத்தொன்பது. ஸ்பானிஷும் ஆங்கிலமும் சீனமும் மூன்றும் தெரிந்த தமிழ் ஆட்களாகப் பார்த்துத் தேடினாளாம் இந்தப் பெண். சென்னையில் அப்படி எத்தனை பேர் கிடைப்பார்கள். கூப்பிட்டதும் ஓடி வந்துவிட்டேன். வீட்டில் யாருக்காவது நரம்பு சம்பந்தமா ஏதாவது என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஸ்பானிஷ் எனக்குப் பிடித்ததே இந்தக் கட்டுக்கோப்பினால்தான். டெல்லியில் படிக்கும்போது மற்ற பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள், ஒரு கதவுக்கு இத்தனை அலங்காரமா என்று. கதவு ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒன்று, பலவானால் முன்னால் வரும் சொல், நிறம், வினை, எல்லாம் கூடவே மாறும். கல்யாணத்தில் சம்பந்தி வீட்டுப் பெண்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே நிறத்தில் பட்டு கட்டி வருகிற மாதிரி. ஒருத்தி மட்டும் வேறு நிறத்தில் வந்தால் சபைக்கே தெரிந்துவிடும். முகூர்த்தப் பட்டு என்ன நிறம் என்று இன்னும் முடிவாகவில்லை, பிரணவின் அம்மாவிடம் கேட்க வேண்டும், இன்றைக்குக் கட்டாயம் கேட்க வேண்டும். தாரணியிடம் போன வாரம் ஜவுளி எடுக்க எப்போது போகிறோம் என்றேன். "போலாம்மா" என்றாள். அவ்வளவுதான். சண்டை போடாமல், அம்மா நீ பழைய டிசைன் எடுப்பே என்று கிண்டல் பண்ணாமல், போலாம்மா. கொஞ்ச நாளாகவே அவள் பொறுமையாக இருக்கிறாள், எனக்கு அந்தப் பொறுமை பிடிக்கவில்லை. கல்யாணம் நெருங்கினால் பெண்கள் அடங்கிவிடுவார்கள் என்பார்கள். நான் அடங்கினேனா? நான் மண்டபத்துப் பின்னறையிலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மேளக்காரர்கள் நிறுத்தும்போதெல்லாம் பின்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அம்மா கத்தவில்லை. பெரியம்மா சொன்னாள், உள்ளே உட்கார்ந்து தலையணை உறையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாளாம். நான் டெல்லியில் இருந்த வருஷங்களில்தான் அவளுக்கு எல்லாம் ஆரம்பித்தது. எப்படி ஆரம்பித்தது என்று நான் பார்க்கவில்லை, லீவில் வந்தபோது அப்பா அவளாகியிருந்தார், பீரோ அவராகியிருந்தது. முதலில் போவது இதுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதனால் முப்பது வருஷமாக என் காதை நானே காவல் காக்கிறேன். ஒரு வாக்கியம் பேசி முடித்ததும் மனசுக்குள் அதைத் திருப்பிப் பார்ப்பேன், வினையின் வால் சரியாக இருக்கிறதா என்று. ஒருநாளும் பிசகியதில்லை. கூட்டல் குறி. இமை.

விளக்கு வந்தது. கண் கூசுகிறது. எப்சிபா தண்ணீரோடு வந்து நிற்கிறாள், தொப்பியில் ஓர் ஓட்டையில் பசையைக் குச்சியால் கிண்டுகிறாள். "வலிக்கா மேடம்?" இல்லை என்கிறேன். "அடுத்து சைனீஸ். கொஞ்சம் போரடிக்கும், பொறுத்துக்கிடுங்க." அந்தப் பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய திரையில் என் கோடுகள் ஓடுவது தெரிகிறது, மழைக்காலத்து ஓட்டுக்கூரை மாதிரி நெருக்கமாக, மேலும் கீழும். அதில் ஏதாவது தெரியுமா? தெரிந்தால் இந்தப் பெண் என்ன செய்வாள்? முகத்தைப் பார்க்கிறேன். பசையைப் பற்றித்தான் கவலைப்படுகிறாள் போலிருக்கிறது. கேட்கலாமா, எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று? கேட்டேன். "சூப்பரா இருக்கு மேடம், நீங்க முன்னாடியும் கேட்டீங்கள்லா" என்று சிரிக்கிறாள். கேட்டேனா? சரி, கேட்டிருப்பேன். பயந்தவள் இரண்டு தரம் கேட்பாள், அதில் என்ன இருக்கிறது. விளக்கு போகிறது. இருட்டு நல்லது, இருட்டில் என்னை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

யி. பென். ஷூ. ஒரு புத்தகம். பச்சை. சீனத்துக்கு ஆண் பெண் கவலை கிடையாது, ஒன்று பல கவலை கிடையாது, வினைக்கு வாலே கிடையாது. வோ லாய், நான் வருகிறேன். நீ லாய், நீ வருகிறாய். தா லாய், அவன் வருகிறான், அவள் வருகிறாள், நேற்று என்று முன்னால் போட்டால் வந்தான் வந்தாள், லாய் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். அப்படியானால் எப்சிபா எதை வைத்துச் சோதிப்பாள்? எண்ணும் சொல்லை வைத்து. புத்தகத்தை எண்ண ஒரு சொல், மீனை எண்ண ஒரு சொல், மேஜைக்கு வேறொன்று. மீனுக்கான சொல்லைப் புத்தகத்தின் தலையில் வைத்தால் சீனனும் முகம் சுளிப்பான். யி. தியாவ். ஷூ. சிவப்பு. என் வீட்டுக்காரர் தோல் வியாபாரத்துக்குச் சீனாவில் குவாங்சோ போனபோது கூடப் போய்க் கற்றுக்கொண்டது. அங்கேயே போய்ச் சேர்ந்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கிடங்கு வாசலில். ஊருக்குக் கொண்டுவந்து காரியம் முடித்த பிறகு எல்லோரும் அவரை உடனே இறந்தகாலத்துக்கு மாற்றிவிட்டார்கள், நல்ல மனுஷனா இருந்தார், தங்கமா வச்சிருந்தார். என் வாயில் மட்டும் அது வரவில்லை, அவருக்குக் காரமே ஆகாது என்று இன்றைக்கும் சொல்லிவிடுவேன், தாரணி தலையைக் குனிந்துகொள்வாள். சீனத்தில் அந்தத் தொல்லை இல்லை. தா ஷி வோ ஜாங்ஃபு. அவர் என் கணவர். இருக்கிறாரா இருந்தாரா என்று அந்த வாக்கியம் கேட்பதில்லை. எத்தனை ராத்திரி இதைச் சொல்லிக்கொண்டு தூங்கியிருக்கிறேன், பைத்தியம் மாதிரி. அவர் இருந்தால் இந்தத் தொப்பி வேண்டியிருக்காது, அவரிடம் சொல்லியிருப்பேன், ஏங்க, பால் பாக்கெட்டை பீரோவுக்குள்ள வச்சுட்டேங்க, மூணு நாள் கழிச்சு நாத்தம் வந்துதான் தெரிஞ்சுது. அவர் சிரித்திருப்பார். ஒரகடத்தில் நான் மொழிபெயர்க்கப் போகிற கம்பெனி மீட்டிங்கில் அந்த ஸ்பானிஷ் எஞ்சினியர் பேசி முடித்ததும் நான் தமிழில் சொன்னேன், எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், சூப்பர்வைசர் மெதுவாக "இதை இப்பத்தான் சொன்னீங்க மேடம்" என்றான். இரண்டாவது தடவையும் அதே வாக்கியம், ஒரு சொல் மாறவில்லை, அச்சு அசல். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பால் பாக்கெட் கவனக்குறைவு. மீட்டிங் தூக்கமின்மை. காஸ் அடுப்பை அணைக்காமல் விட்டது, சரி, காஸ் அடுப்பை மறக்காத பெண் யார். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஆனால் விடியற்காலையில் விழிப்பு வரும்போது அந்தப் பதில்கள் ஒன்றும் கூட வருவதில்லை, படுக்கையில் உட்கார்ந்து வாய்க்குள் அவன் வந்தான், அவள் வந்தாள், அது வந்தது, அவர்கள் வந்தார்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன், முடித்ததும் கொஞ்சம் உயிர் வருகிறது. பயமாக இருக்கிறது. வேறு எந்தச் சொல்லும் இதற்கு வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைசி ஆங்கிலம். ஆங்கிலம் கஞ்சன், ஒரே ஒரு எஸ்ஸை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது. அதிலும் ஒரு பொறி வைத்திருக்கிறாள் கெட்டிக்காரி. த. லிட். ஆஃப். த. பாக்ஸஸ். ஆர். பெட்டிகளின் மூடி. மூடி ஒன்றுதான், ஆனால் பக்கத்தில் பெட்டிகள் கூட்டமாக நிற்பதால் வினை ஏமாந்து பன்மையாகிவிடுகிறது. வெள்ளைக்காரர்களே இதில் விழுவார்களாம். நான் விழுவேனா? சிவப்பு. யாருக்கு எது சொந்தம் என்று எட்டி நிற்கும் சொல்லை மனசில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், நடுவில் எத்தனை கூட்டம் வந்தாலும். பிடித்துக்கொண்டிருக்கிறேன். இதோ இன்னொன்று. சிவப்பு. இதோ, பச்சை. தாரணி, உன் அம்மாவுக்கு ஒன்றுமில்லை, நீ நிம்மதியாக மாலையை மாற்று. நான் மேடையில் நிற்பேன், உன் மாமியாரோடு சிரித்துப் பேசுவேன், என்னை எந்த அறையிலும் யாரும் உட்கார வைக்கத் தேவையில்லை. கண் எரிகிறது, தண்ணீர் வழிகிறது, இமைக்கவில்லை. திரையில் ஒரு சொல்லும் வரவில்லை. முடிந்துவிட்டது.

தலையைக் குனிந்து ஆய்வுக்கூடத்து வாஷ்பேசினில் வைத்திருக்கிறேன், எப்சிபா குவளையில் தண்ணீர் மொண்டு ஊற்றிப் பசையைக் கழுவிவிடுகிறாள். நாள் கணக்கில் யாரும் என் தலையைத் தொட்டதில்லை, சுகமாக இருக்கிறது. எப்படிச் செய்தேன் என்று கேட்கிறேன், சாதாரணமாகக் கேட்கிற குரலில். "ஐயோ மேடம், பட்டன்ல ஒண்ணுகூட தப்பில்ல. இதுவரைக்கும் யாருமே அப்படிப் பண்ணல." மூளை அலையில்? "அதை ஒருத்தரை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது மேடம், முப்பது பேரைச் சேர்த்து சராசரி எடுத்தாதான் எதாவது தெரியும்." தண்ணீர் காதில் ஓடுகிறது. அவள் ஏதோ பேசிக்கொண்டே போகிறாள், அவள் ஊரில் ஒரு பெரியவர், பெத்த பிள்ளையையே யாருன்னு கேப்பாராம், ஆனா ஜெபம் மட்டும் ஒரு எழுத்து பிசகாம சொல்லுவாராம், பாஷைன்னா அப்படித்தான் மேடம், மத்ததெல்லாம் போனாலும் அது கெடக்கும். ம், ம் என்கிறேன். ஒன்றுகூடத் தப்பில்லை. மூன்று பாஷை. ஒன்றுகூட. இந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருக்கிறது.

தாரணி ஸ்கூட்டரில் வந்து காத்திருக்கிறாள். சர்வே வேலை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். கேன்டீன் வாசலில் மரத்தடியில் சிமென்ட் பெஞ்சு, அவள் இரண்டு டீ வாங்கி வருகிறாள், என் ஈரத் தலையைப் பார்க்கிறாள். மார்கழி வெயில் இதமாக இருக்கிறது. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் வாய் நிற்கவில்லை. "தாரு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், பயப்படாதே, நல்ல விஷயம்தான்." பாட்டியின் நோய் எனக்கும் வந்துவிட்டதோ என்று செத்துக்கொண்டிருந்ததைச் சொல்கிறேன், தொப்பியைச் சொல்கிறேன், இருட்டைச் சொல்கிறேன், ஒன்றுகூடத் தப்பில்லை என்பதை இரண்டு தரம் சொல்கிறேன். "இனிமே திருப்பூர்க்காரங்களை நினைச்சு நீ பயப்பட வேண்டாம். உங்கம்மா மூளை கல்லு மாதிரி இருக்கு." சொல்லிவிட்டுச் சிரிக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. டீ கிளாஸின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, திருப்பூர்க்காரங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா."

"என்னடி உளர்றே?"

"கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். நீ அவங்கம்மாவுக்கு போன் பண்ணி முகூர்த்தப் பட்டு என்ன கலர்னு கேட்டியாம். அப்புறம் திரும்பவும் கேட்டியாம். ஒரே நாள்ல, திரும்பத் திரும்ப. அவங்க உடுமலையில ஆள் விட்டுப் பாட்டியைப் பத்தி விசாரிச்சுட்டாங்க."

தீபம் ஏற்றியது நினைவிருக்கிறது. பால்கனியில் வரிசையாக அகல், காற்றில் ஒன்று அணைந்து அணைந்து போனது, தாரணி நீலச் சுடிதார். அதற்கு மறுநாள் என்று தேடுகிறேன், மறுநாள் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும்.

"எல்லாம் முடிஞ்சு இத்தனை நாளாச்சு. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு? நான் யாரோவா?" குரல் உயர்ந்துவிட்டது, பக்கத்து பெஞ்சில் இரண்டு பையன்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"சொன்னேம்மா."

"எப்போ சொன்னே?"

"அவங்க வேண்டாம்னு சொன்ன அன்னிக்கே சொன்னேன். அழுதே. காலையில எழுந்து மண்டபத்துக்கு போன் பண்ணணும்னு சொன்னே, அப்போ மறுபடி சொன்னேன். போன ஞாயித்துக்கிழமையும் சொன்னேன்." அவள் என்னைப் பார்க்காமல் பேசுகிறாள். "ஒவ்வொரு தடவையும் நீ புதுசா அழறேம்மா. என்னால முடியல. இனிமே சொல்ல வேண்டாம்னு இருந்தேன்."

அவள் பேசியதில் ஒரு தப்பில்லை. சொன்னேன், அழுதாய், சொன்னேன், அழுகிறாய், எல்லாம் தெளிவாக அதனதன் இடத்தில் இருக்கிறது, எல்லாம் எனக்குப் புரிகிறது. அழுத ஆள்தான் எனக்குக் கிடைக்கவில்லை. யாரோ ஒருத்தி என் வீட்டில், என் பெண்ணின் மடியில், மூன்று தடவை அழுதிருக்கிறாள். என்ன சேலை கட்டியிருந்தேன்? என்ன சொல்லி அழுதேன்? இவள் தனியாக உட்கார்ந்து என்னைத் தேற்றியிருக்கிறாள், கல்யாணம் நின்று போனவள் இவள், இவளை யார் தேற்றினார்கள்? கேட்க வேண்டும், அதைக் கேட்க வேண்டும். வாயைத் திறக்கிறேன், என்ன வரப்போகிறது என்று எனக்கே இன்னும் தெரியவில்லை, அதற்குள் தாரணி கையை நீட்டி என் கையிலிருந்த டீ கிளாஸைப் பதமாக வாங்கித் தரையில் தள்ளி வைத்துவிட்டு, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, நான் அழுவதற்காகக் காத்திருக்கிறாள்.